நகல் சரிதான்

கோகிலவாணியின் இடது கையில் நரம்பு சிக்கவில்லை. ஜெசிந்தா சிஸ்டர் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார், பழைய ஊசித் தழும்புகளின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார், பிறகு "என்னைக் கண்டாலே உன் நரம்பு ஓடி ஒளிஞ்சுக்குது பாரு" என்று சலித்துக்கொண்டு வலது கைக்கு மாறினார். வலது கை எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கும். ஊசி இறங்கியது. சுருக்கென்று ஒரு வலி, பிளாஸ்திரி ஒட்டுகிற சத்தம், அப்புறம் அந்தக் குளிர்ச்சி. வெளியே எடுத்து வைத்து எத்தனை நேரம் ஆனாலும் ரத்தம் உள்ளே வரும்போது குளிர்ந்துதான் வரும். முழங்கை மடிப்பைத் தாண்டிப் புஜம் வரைக்கும் ஒரு நூல் மாதிரி ஏறும், அதற்குமேல் எங்கே போகிறதென்று தெரியாது, உடம்பு வாங்கிக்கொண்டுவிடும். யாருடைய ரத்தமோ. முகாமில் கொடுத்துவிட்டு பிஸ்கட்டும் ஜூசும் வாங்கிக்கொண்டு போன ஏதோ ஒரு கல்லூரிப் பையனுடையதாக இருக்கலாம். சின்ன வயதில் இதை நினைத்து அவளுக்கு அப்படி ஒரு பயம். கோபக்காரர் ரத்தம் ஏறினால் தனக்கும் கோபம் வந்துவிடுமோ, திருடன் ரத்தம் ஏறினால் கை நீளுமோ என்று. படித்த பிறகுதான் தெரிந்தது, சிவப்பணு வேலைக்குக் கிளம்பும் முன்பே தன் உட்கருவைத் துப்பிவிட்டு வருகிறது. அதற்குள் டி.என்.ஏ. கிடையாது. எழுதி வைத்த சேதி ஒன்றும் கிடையாது. சமைத்து இறக்கிய சோறு மாதிரி. பசிக்குச் சாப்பிடலாம், அந்தச் சோற்றைப் பார்த்து இன்னொரு சட்டி சோறு வடிக்க முடியாது. அதனால்தான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்த நாற்காலி, இந்த ஜன்னல், எதிர்க் கட்டடத்து மாடியில் காயும் பச்சைத் துணிகள், இருபத்தெட்டு வருஷமாக. இருபத்தெட்டு. தாண்டாது என்று சொன்னவர்கள் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவள் இருக்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும், அம்மாவுக்குப் பிடிக்காத சிரிப்பு.

அம்மா. அடுத்த வாரம் ஏற்ற வேண்டிய ரத்தத்தை இந்த வாரமே ஏற்றிக்கொள் என்று அவசரப்படுத்தியவள் அம்மாதான். "ஒறம்பரைக வர்ற நாளு, மூஞ்சி தெளிச்சியா இருக்கும் கண்ணு, காலைலயே போயி ஏத்திக்கிட்டு வந்துரு." கோபியிலிருந்து அத்தை வீட்டில் வருகிறார்கள். அப்பாவின் அக்கா ருக்மணி அத்தை, அவள் மகன் யுவராஜ், கூடப் பங்காளிகள் நாலு பேர். தங்கை சுபாஷினிக்குப் பூ வைக்க. பெண் பார்க்கிறதெல்லாம் இல்லை, பார்க்க என்ன இருக்கிறது, சொந்த அத்தை மகன்தானே. வந்து, உட்கார்ந்து, பூ வைத்து, விருந்தில் கை நனைத்துவிட்டுப் போனால் கல்யாணம் உறுதி. அதற்காக வாணி ஒரு பாசிப்பச்சைப் புடவை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நேற்று ராத்திரியே பிளவுஸ் கையை ஊசித் தழும்பு மறைகிற அளவுக்குப் பிரித்துத் தைத்தாள், அப்புறம் எதற்கு மறைக்க வேண்டும் என்று மறுபடி மடித்துத் தைத்தாள். இப்போது போன் அடிக்கிறது, இடது கையால் எடுக்க வேண்டியிருக்கிறது. "ஏத்த ஆரம்பிச்சுட்டாங்களா சாமி?" என்று அம்மாவின் குரல், பின்னால் பாத்திரச் சத்தம், மிக்ஸி. "இப்பத்தாம்மா. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுரும், ஆட்டோ புடிச்சு வந்தர்றேன்." மிக்ஸி நின்றது. "இல்ல கண்ணு. ரத்தம் ஏத்தின ஒடம்பு, அலைய வேண்டாம். அப்படியே உன்ற சிநேகிதி ரூமுக்குப் போயிப் படுத்துக்க. காலைல வந்தாப் போதும்." "ஏம்மா?" "ஏன்னா என்ன சொல்றது. பங்காளி வீட்டுப் பொம்பளைக வர்றாங்க. பாத்தா கேப்பாங்க. மூத்தவளுக்கு என்ன, ஏன் இன்னும் கட்டிக் குடுக்கலேன்னு கேப்பாங்க. நல்ல காரியம் நடக்கறப்ப எதுக்கு அந்தப் பேச்சு? சுபாவ நெனச்சுப் பாரு." வாணி எதிர் மாடிப் பச்சைத் துணிகளைப் பார்த்தாள். "கோவிச்சுக்காத சாமி" என்றாள் அம்மா, மிக்ஸி மறுபடி ஓடியது.

மூஞ்சி தெளிச்சியா இருக்கும் என்று சொன்னது அவளை வீட்டைவிட்டு அனுப்பத்தான். தெளிந்த முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, ஆஸ்பத்திரிச் சுவர் பார்க்கப் போகிறது. கோபம் வந்தது. திருடன் ரத்தமோ கோபக்காரன் ரத்தமோ அல்ல, அவளுடைய சொந்தக் கோபம். பிளாஸ்டிக் குழாயில் சொட்டு விழுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சொட்டு, சொட்டு, நேற்று வகுப்பில் போர்டில் எழுதியதும் இப்படித்தான் ஒவ்வொன்றாக, ஏ எதிரே டி, ஜி எதிரே சி. கோச்சிங் சென்டரில் நீட் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறாள். ஏணியை முறுக்கிவிட்ட மாதிரி இருக்கும் அந்த இழையை நடுவில் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் எதிர்ப்பாதியைக் கட்டுகிற படத்தை அவள் மாதிரி யாரும் போட முடியாது, நாலு கலர் மார்க்கரில். பிரித்த ஒவ்வொரு பாதியும் தன் ஜோடி யாரென்று தெரிந்து வைத்திருக்கிறது, அதனால் ஒன்று இரண்டாகும்போது இரண்டும் அச்சு அசலாக வருகிறது, பழைய இழை பாதி, புது இழை பாதி. நொதி ஒன்று ஒவ்வொரு எழுத்தாகக் கோத்துக்கொண்டே போகும். தப்பாகக் கோத்தால் அதுவே ஒரு எழுத்து பின்னுக்கு நகர்ந்து அதைக் கடித்துத் துப்பிவிட்டு மறுபடி கோக்கும். அதையும் மீறி விடுபட்டதைத் தேடித் திருத்த இன்னொரு கூட்டம் பின்னாலேயே வரும். முன்வரிசையில் உட்காரும் ஃபர்ஹானா கேட்டாள்: "மிஸ், அப்படியும் ஒரு எழுத்து தப்பாப் போயிட்டா?" போனால் போனதுதான் என்று சொன்னாள் வாணி. அதற்கப்புறம் வருகிற நகல்காரனுக்கு அது தப்பென்று தெரியாது, முன்னால் இருப்பதைப் பார்த்து எழுதுவதுதான் அவன் வேலை, அவன் சரியாகத்தான் எழுதுவான். "அப்ப தப்பு யாரோடது மிஸ்?" வாணி மார்க்கரை மூடினாள், திறந்தாள். மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்விக்கு நேற்றிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பஸ்ஸில், பாத்ரூமில், இதோ இந்த நாற்காலியில். யாரோடதும் இல்லை ஃபர்ஹானா. என்றைக்கோ, எந்தக் காட்டிலோ, எந்த வயிற்றிலோ ஒரே ஒரு தடவை ஒரு ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி விழுந்தது. அதற்கப்புறம் இத்தனை தலைமுறையில் ஒருத்தர்கூடத் தப்புப் பண்ணவில்லை. அப்பா பண்ணவில்லை, அம்மா பண்ணவில்லை, என்னுடைய எலும்புக்குள் இந்த நிமிஷம் நகல் எடுத்துக்கொண்டிருக்கிற லட்சக்கணக்கான செல்களும் பண்ணவில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி எழுதுகின்றன. நகல் சரிதான். என்னைப் பிசகு என்று சொல்கிறவர்கள் யார்?

ஆனாலும் அந்த ஒரு எழுத்து செய்கிற வேலை கொஞ்சமா. மரபணுவைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்று ஒரு பிரதி எடுத்து, அதில் வேண்டாத நடுத்துண்டுகளை வெட்டித் தள்ளி, மிச்சத்தை ஒட்டி, உட்கருவுக்கு வெளியே அனுப்ப வேண்டும். வெளியே ரைபோசோம் காத்திருக்கும், மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம் என்று மணி கோக்கிற மாதிரி கோத்துப் புரதமாக்கும். அவளுக்கு வெட்டுகிற இடத்தில்தான் அந்த எழுத்து. கத்தரி இடம் தெரியாமல் தடுமாறி வேறெங்கோ வெட்டிவிடுகிறது. வாசிக்கிறவனுக்கு அர்த்தமில்லாத வரி போய்ச் சேர்கிறது, பீட்டா சங்கிலி உருவாவதே இல்லை, உருவானாலும் சொற்பம். ஆல்ஃபா சங்கிலி மட்டும் குறையில்லாமல் உற்பத்தியாகி, ஜோடி சேர பீட்டா இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, கடைசியில் தான் இருக்கிற அணுவையே கிழித்துவிடும். பிறந்து சாகிற அணுக்கள், வேலைக்கே போகாமல் சாகிற அணுக்கள். அதை ஈடுகட்ட மஜ்ஜை வெறிபிடித்த மாதிரி வேலை செய்து எலும்பைத் தள்ளிக்கொண்டு வீங்கும், அதனால்தான் கன்னத்து எலும்பு இப்படி, மேல்வரிசைப் பல் இப்படி. சின்னப் பிள்ளையில் மாதாமாதம் ரத்தம் கிடைக்காத இரண்டு வருஷம் இந்த முகத்தில் எழுதிவிட்டுப் போனது. அதைத்தான் அம்மா பங்காளி வீட்டுப் பெண்களுக்குக் காட்ட மாட்டேன் என்கிறாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அப்பாவும் அம்மாவும் மாமன் மகள் அத்தை மகன், இரண்டு பேரிடமும் அந்த எழுத்து ஒவ்வொரு பிரதி இருக்கிறது, இரண்டும் சேர்ந்து வாணிக்கு வந்தது என்று டாக்டர் படம் போட்டே விளக்கியிருக்கிறார். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்து, ஊரில் மட்டும் இருபத்தெட்டு வருஷமாக ஒரே கதை சொல்கிறாள்: கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்தது, அதிலிருந்து ரத்தம் ஊறுவதில்லை. காய்ச்சல் என்றால் யார் மேலும் குறை வராது. காய்ச்சல் வெளியிலிருந்து வருவது. அப்பா சென்னியப்பன் அந்தக் கதையை ஆமோதிக்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவார்.

சுபாவிடம் ஒரு பிரதி இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த வருஷம் வாணிதான் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதித்தாள். ஒரு பிரதி இருந்தால் ஒன்றும் செய்யாது, இன்னொரு நல்ல பிரதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், கொஞ்சம் சோகை, அவ்வளவுதான். மலேரியாக் காலத்தில் அந்த ஒற்றைப் பிரதி இருந்தவர்கள்தான் பிழைத்தார்கள் என்றுகூட ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். எந்தப் பாட்டனின் பாட்டியையோ அந்த எழுத்து காப்பாற்றியிருக்கலாம், அவள் செத்திருந்தால் அம்மாவும் இல்லை, பங்காளிகளும் இல்லை, இன்றைக்கு விருந்தும் இல்லை. கட்டிக்கொள்கிறவனிடமும் ஒரு பிரதி இருந்தால்தான் பிள்ளைக்குத் தகராறு. யுவராஜ் அப்பாவின் அக்கா மகன். அவனிடம் இருக்கலாம். அவனைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும் என்று வாணி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "நிச்சயம் முடியட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்கிறாள் அம்மா. அம்மாவின் பக்குவம் வாணிக்குத் தெரியும், அது கல்யாணம் முடிந்து, வளைகாப்பு முடிந்து, பிள்ளை வெளுத்துப்போய் மூச்சிரைக்கிற அன்றைக்கு வரும்.

போன் மறுபடி. சுபா. "அக்கா, நீ வரலியாமா? உனக்கே வர இஷ்டமில்லேன்னு அம்மா சொல்லுது." குரலில் பவுடர் வாசம்கூட வருகிற மாதிரி இருந்தது, அலங்காரம் பாதியில் இருக்கிறாள். "அப்படியா சொல்லுச்சு" என்றாள் வாணி. "இல்லியா அப்ப?" "அத விடு. நீ யுவராஜ்கிட்டச் சொன்னியா?" சுபா வளையலை உருட்டுகிற சத்தம். "சுபா." "அம்மா சாமி படத்துக்கு முன்னால நிக்க வெச்சு சத்தியம் வாங்கிருச்சுக்கா. நானாச் சொல்ல மாட்டேன்னு. சொன்னா விசத்தக் குடிப்பேன்னுது. எனக்கு அவரப் புடிச்சிருக்கு. அவரு ஓடிப் போயிருவாரோன்னு எனக்கும் பயமா இருக்கு. போனா போகட்டும்னு ஒரு நேரம் தோணுது, போயிரக் கூடாதுன்னு ஒரு நேரம் தோணுது." அழப் போகிறாள் என்று தெரிந்தது. "மை கரையும், அழாத" என்றாள் வாணி. "சத்தியம் நீதானே பண்ணின? நான் ஒண்ணும் பண்ணலியே." பிறகு சுபா மெதுவாக, "சொல்லிரு அக்கா" என்றாள், போனை வைத்துவிட்டாள்.

சொல்லலாம். என்னவென்று சொல்வது? இங்கேதான் வாணியின் மனசு ஒரு மாதமாகக் கால் தடுக்கி விழுகிறது, எழுந்து நடந்தால் மறுபடி அதே இடத்தில். பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் என்னை மாதிரி ஒரு பிள்ளை பிறந்துவிடும். இதைத்தானே சொல்ல வேண்டும். என்னை மாதிரி. அதைத் தன் வாயால் சொன்னால் அம்மாவுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அம்மா அவளை ஒரு நாளைக்கு ஒளித்து வைக்கிறாள், இவள் தன் மாதிரி ஒருத்தி வரவே கூடாது என்கிறாள். வந்தால் என்ன? ஊசி உண்டு, தினமும் வெறும் வயிற்றில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி மாத்திரைக் கரைசல் உண்டு, ஏற்றுகிற ரத்தத்தோடு சேர்கிற இரும்பு ஈரலையும் இதயத்தையும் பிடிக்காமலிருக்க. ரத்தம் கிடைக்காமல் அப்பா மூன்று ஊர் அலைந்த நாள் உண்டு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கூடவே வளர்ந்த பிரபாவதி ஒரு மழைக்காலத்துக்கு அப்புறம் வராமலே போனது உண்டு, அந்த நாற்காலியில் இப்போது வேறு யாரோ, அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கண் அங்கேதான் போகிறது. இந்த வலியை இன்னொரு சின்னக் கைக்கு யார் கொடுப்பார்கள். கொடுக்க மாட்டாள். ஆனால் அந்த வலி மட்டுமா அவள்? எம்.எஸ்சி. முதல் வகுப்பு உண்டு. கொல்லிமலை அருவியில் நனைந்தது உண்டு, டாக்டர் வேண்டாமென்று சொல்லியும். தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்ட ஒருவனிடம் யோசித்துவிட்டு மாட்டேன் என்று சொன்னது உண்டு, நோய்க்காக அல்ல, அவன் பேசுகிறதெல்லாம் அவனைப் பற்றியே இருந்தது என்பதற்காக. பத்துப் பிள்ளைகள் அவள் எடுத்த பாடத்தில் மருத்துவக் கல்லூரிக்குப் போனது உண்டு. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பிறக்க வேண்டாம் என்று யார் சொல்வது? பிறக்கட்டும் என்றுதான் யார் சொல்வது? சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பை பாதிக்குக் கீழே வந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டாம், சட்டென்று தோன்றியது அவளுக்கு, நான் சொல்ல வேண்டாம், அம்மா சொல்ல வேண்டாம், அந்த இரண்டு பேர் சொல்லட்டும். ஆனால் தெரிந்துகொண்டு சொல்லட்டும். இருட்டறையில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, விழுந்த பிறகு விதி என்று சொல்கிற வேலைக்கு நான் கூட்டு இல்லை. நெஞ்சு படபடத்தது. ரத்தம் வேகமாக ஏறுகிறதோ என்று நினைத்து மேலே பார்த்தாள். இல்லை, அதே வேகம்தான். பயம்தான். இந்த வார்த்தையோடு சுபாவின் கல்யாணம் நின்றுபோகலாம், அம்மா ஜென்மத்துக்கும் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும் என்று இடது கட்டைவிரலால் அத்தையின் நம்பரைத் தேடினாள்.

"வாணியா? சொல்லு கண்ணு, சித்தோடு வந்துட்டோம், இன்னும் சித்த நேரத்துல வந்துருவோம்" என்றாள் அத்தை. காருக்குள் பேச்சுச் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள். "அத்தை, நான் வீட்டுல இல்லீங்க. ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்கறேன். பூ வெக்கறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். எனக்குக் காய்ச்சல்ல வந்ததில்லீங்கத்தை இது. அப்பாகிட்ட இருந்தும் அம்மாகிட்ட இருந்தும் வந்தது. ரத்தத்துக்கான புரதத்தச் செய்யச் சொல்ற எழுத்துல ஒண்ணு மாறி இருக்குது. சுபாவுக்கும் பாதி இருக்குது, அவளுக்கு ஒண்ணும் பண்ணாது. யுவராஜ் மச்சானுக்கும் பாதி இருந்தா, பொறக்கற கொழந்தைக்கு முழுசா வரலாம். வந்தே ஆகோணும்னு இல்லீங்க, வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனைல தெரிஞ்சுரும். தெரிஞ்சுக்கிட்டுப் பூ வெய்யுங்க." சொல்லி முடித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவுதானா, இவ்வளவு சின்னதா. காருக்குள் சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. "அத்தை?" "ஆஸ்பத்திரில எந்தப் பக்கம்?" என்றாள் அத்தை. அவ்வளவுதான். வார்டைச் சொன்னதும் லைன் போய்விட்டது.

அதற்கப்புறம் காத்திருந்த நேரம்தான் நேரம். எந்தப் பக்கம் என்றால் என்ன அர்த்தம், வந்து திட்டப் போகிறாளா, எல்லோர் முன்னாலும் அப்பாவைக் கேவலமாகப் பேசப் போகிறாளா. அத்தை அப்பாவையே கை நீட்டி அடித்தவள் என்று கேள்வி. அடிக்கட்டும், ஊசி குத்தாத கை ஒன்று இருக்கிறது, தடுத்துக்கொள்ளலாம். கடந்துபோன ஜெசிந்தா சிஸ்டர், "என்னடி தனியா சிரிக்கிற?" என்றார். "ஒண்ணுமில்ல சிஸ்டர், வீட்டுல பெரிய குண்டு ஒண்ணு போட்டிருக்கேன்." "நல்லா வெடிச்சுதா?" "இன்னும் இல்ல." இதற்குப் பேர்தான் பிடிவாதம் என்பாள் அம்மா, உன்ற பிடிவாதத்துக்கு ஒரு ஊசி கண்டுபிடிச்சிருந்தா நல்லா இருக்கும் என்பாள். பிடிவாதம் இல்லாமல் இந்த நாற்காலிக்கு யார் இத்தனை வருஷம் வந்துபோக முடியும், அது எந்தப் புரதம் என்று அம்மாவுக்குத் தெரியுமா, அது எந்தக் குரோமோசோமில் இருக்கிறது, அதையும் அம்மாவிடமிருந்துதானே எடுத்தாள்.

வார்டு வாசலில் மல்லிகை வாசம் முதலில் வந்தது. பின்னால் அத்தை, அரக்குப் பட்டும் கழுத்து நிறைய நகையுமாக, ஆஸ்பத்திரித் தரையில் செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வெறுங்காலோடு. அவளுக்குப் பின்னால் யுவராஜ், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியும் சட்டையுமாக. அத்தை வாணியைப் பார்க்கவில்லை. தொங்குகிற பையைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். குழாய் முடிகிற கையைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, "வலிக்குதா?" என்றாள். "குத்தறப்ப மட்டுமுங்க." "எத்தன நாளைக்கு ஒருக்கா?" வாணி சொன்னாள். அத்தை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, குரலைத் தாழ்த்தாமல், மகன் கேட்கட்டும் என்கிற மாதிரியே சொன்னாள்: "இவனுக்கு முன்னால எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. சங்கீதான்னு பேரு."

வாணிக்குத் தெரியாது. யுவராஜுக்கும் தெரியாது என்று அவன் முகம் சொன்னது. "ஆறு மாசம் வரைக்கும் அப்படி இருந்தா, புடிச்சா வழுக்கிட்டுப் போவா. அப்பறம் வெளுத்தா. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானையாட்டம். மந்திரிச்சோம், கயிறு கட்டினோம், கரட்டூர் வைத்தியரு கசாயம் குடுத்தாரு. ரெண்டு வயசு நெறையறதுக்குள்ள போயிட்டா. என்ற மாமியா சொன்னாங்க, உன்ற பால்ல சத்தில்ல, விசமிருக்குதுன்னு. நானும் நம்பிட்டேன் கண்ணு." அத்தை மகனைத் திரும்பிப் பார்த்தாள். "இவன் பொறந்தப்ப மார்ல பால் கட்டிக்கிட்டு நெருப்பா எரிஞ்சுது. பீச்சிச் செடிக்கு ஊத்தினேன். ஒரு வாய் குடுக்கல. பால்டப்பாவுலயே வளத்தினேன். எங்க இவனும் போயிருவானோன்னு." யுவராஜ், "அம்மா" என்றான். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வாணிக்கு முதலில் வந்தது கணக்குத்தான், கணக்கு தானாகப் போட்டுக்கொண்டது. அந்தக் குழந்தைக்கு முழுசாக இருந்திருந்தால் அத்தையிடம் ஒரு பிரதி, மாமாவிடம் ஒரு பிரதி, அப்படியென்றால் யுவராஜிடம் இருக்கிற வாய்ப்பு இல்லாத வாய்ப்பைவிடப் பெரிது. அதற்குப் பின்னால் வந்தது கோபம். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் பாலின் மேல் பழியைப் போட்டவர்கள் மேல், கயிறு கட்டினவர்கள் மேல், இருபத்தெட்டு வருஷம் காய்ச்சல் கதை சொன்ன தன் அம்மா மேலும். அம்மா உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தைக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும், இத்தனை காலம் தன்னைப் பிள்ளைக்கு விஷம் கொடுத்தவளாக நினைத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டாள். "உங்க பால்ல ஒண்ணும் இல்லீங்கத்தை" என்றாள் வாணி. குரல் தன்னையறியாமல் உயர்ந்தது, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பினார். "உங்க ஒடம்பு எந்தத் தப்பும் பண்ணல. உங்களுக்கு வந்தத அப்படியே மாறாம எழுதிக் குடுத்திருக்குது. அந்த எழுத்த நீங்க எழுதல. உங்கம்மா எழுதல. எவளும் எழுதல. அவங்க சொன்னது பொய்யி."

அத்தையின் தாடை அசைந்தது. அழவில்லை. வாணியின் வலது கையை, ஊசி குத்திய இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு கையாலும் பிடித்தாள். "அவளுக்கும் இப்படி ஏத்தியிருந்தா, இருந்திருப்பாளா?" வாணி யோசித்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம், அந்தக் காலத்தில் அதெல்லாம் எங்கே இருந்தது என்று. ஆனால் அத்தை முப்பது வருஷம் பொய்யைத் தின்றவள். "இருந்திருக்கலாமுங்க" என்றாள். "என்னைய விடப் பெரியவளா. என்னாட்டம் ஊசி குத்திக்கிட்டு, வாயடிச்சுக்கிட்டு." அத்தை ம் என்றாள். நெடுநேரம் கையை விடவில்லை.

யுவராஜ்தான் முதலில் பேசினான். "எனக்கு எங்க ரத்தம் குடுக்கோணும்? இன்னிக்கே எடுத்துருவாங்களா?" "கீழ லேப்ல எடுப்பாங்க. முடிவு வர நாளாகும்." "சுபாவுக்கு இது தெரியுமா?" "தெரியும் மச்சான். சொல்ல விடல." அவன் ஜன்னலைப் பார்த்தான். "எனக்கும் இருந்துதுன்னா?" வாணி அந்தக் கேள்விக்குத்தான் ஒரு மாதம் தயாராகியிருந்தாள், தயார் செய்ததெல்லாம் மறந்துபோனது. "கட்டிக்கலாம். கட்டிக்காமயும் இருக்கலாம். கட்டிக்கிட்டு, வயித்துல இருக்கறப்பவே பாத்துத் தெரிஞ்சுக்கலாம். என்னைய மாதிரி ஒண்ணு வந்தா வெச்சு வளக்கலாம், அதுக்கு எத்தன கஷ்டம்னு நான் சொல்லித் தர்றேன், எத்தன சந்தோசம்னும் சொல்லித் தர்றேன். இது நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி எடுக்கற முடிவு. தெரியாம மட்டும் வேண்டாம்." யுவராஜ் தலையை ஆட்டினான். ஓடிப் போகிறவன் முகமாக இல்லை, இருக்கப் போகிறவன் முகம் என்றும் சொல்ல முடியவில்லை. பயந்தவன் முகம், பயந்தாலும் நிற்கிறவன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டே லேபைத் தேடிப் போனான்.

பை காலியாயிற்று. ஜெசிந்தா சிஸ்டர் வந்து ஊசியை உருவிப் பஞ்சை வைத்தார், அதை அழுத்திப் பிடித்தது அத்தை. வாணியின் போன் அடித்தது, அம்மா. அத்தை, "போடு" என்றாள், ஸ்பீக்கரில் போட்டாள் வாணி. "அடியே, என்னடி பண்ணித் தொலச்ச? பங்காளிக மட்டும் வந்து நிக்கறாங்க, உங்கத்தையையும் மாப்பிள்ளையையும் காணம், கேட்டா ஆஸ்பத்திரின்னு சொல்றாங்க, என்ற மானத்த…" "தெய்வான" என்று அம்மாவைப் பேர் சொல்லி நிறுத்தினாள் அத்தை. "வந்தவங்களுக்குச் சோத்தப் போடு. பூவு இன்னிக்கு இல்ல. டெஸ்ட்டு முடிவு வரட்டும், பசங்க பேசட்டும், அப்பறம் வெக்கறதா வேண்டாமான்னு பாக்கலாம். நான் வர்றேன். உன்ற கூட உக்காந்து பேசறதுக்கு நெறைய இருக்குது. காய்ச்சலப் பத்தி." அப்புறம் அம்மா, உடைந்துபோன, எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் குரலில், "வாணியக் கூட்டிக்கிட்டு வர்றீங்களா?" என்றாள். "பின்ன?" "எல்லாரும் முன்னால ஆசாரத்துல உக்காந்திருக்காங்க. பொடக்காணி வழியாக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் பின்கதவத் தொறந்து வெக்கறேன்."

அத்தை பதில் சொல்ல வாயெடுத்தாள். வாணி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, போனை வாயருகே கொண்டுவந்தாள். இதை யாரும் அவளுக்காகச் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் புது ரத்தம் சூடேறிக்கொண்டிருந்தது, காது மடல்வரை தெரிந்தது. "அம்மா" என்றாள். "நான் முன்வாசல்ல வர்றேன். பச்சைப் பொடவ கட்டிக்கிட்டுத்தான் ஆசாரத்துல உக்காருவேன். யாராச்சும் கேட்டா உனக்குப் பதில் சொல்ல வராது, எனக்குத் தெரியும். நீ பேசாம இரு. நான் சொல்லிக்கறேன்."